கணினி அறைக்குள் வாத்து கொண்டு வரக் கூடாது

கணினி அறைக் கதவில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்துவிட்டு, என் வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதைக் கவனித்தேன். செருப்பைக் கழற்றவும், தண்ணீர் கொண்டு வரக் கூடாது என்பதெல்லாம் எல்லா அலுவலகத்திலும் உண்டு. மூன்றாவது வரிதான் உங்களைக் குழப்பியிருக்கும். அதை எழுதியவர் நம் முதலாளி. எழுத வைத்தவள் நான்.

இந்த வாரத்தோடு நான் வேலையிலிருந்து நிற்கிறேன். என் வீட்டுக்காரருக்குப் பொள்ளாச்சிக்கு மாற்றல். முப்பத்தோரு வயதில் ஓய்வு பெறுகிறவள் சொல்லும் அனுபவத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்று எனக்கே சந்தேகம்தான். ஆனால் இதை எழுதி வைக்காமல் போனால், பொள்ளாச்சி பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு இதையே நினைத்துக்கொண்டிருப்பேன். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்தவள் நான். அணைத்துத்தான் இருந்தது.

பேக்கப் எடுப்பது எப்படி என்று சொல்லித்தரப் போவதில்லை. எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது மேஜையில் இருக்கும் காகிதத்தில் எழுதியிருக்கிறது. அந்தக் காகிதத்தில் இல்லாததைத்தான் சொல்ல வேண்டும்.

நம் கம்பெனி விற்ற ஒவ்வொரு மோட்டாரும் எந்த ஊரில், யாருடைய கிணற்றில், எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது, அதற்கு என்ன கம்பி சுற்றியிருக்கிறது என்பதெல்லாம் சர்வரில் இருக்கிறது. கோடையில் அன்னூரிலிருந்து ஒரு விவசாயி, மோட்டார் புகைந்துவிட்டது என்று போன் செய்தால், சர்வீஸ் பகுதி சாமியப்பன் அண்ணன் கணினியைப் பார்த்துச் சரியான சாமான்களை ஏற்றி ஆளை அனுப்புவார். விவரம் இல்லாமல் அனுப்பினால் ஆள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மறுபடி சாமானோடு போக வேண்டும். அதற்குள் வாழை தலை சாய்ந்துவிடும்.

கணினிக்கு முன்பு இந்த விவரமெல்லாம் நாற்பத்து மூன்று பெரிய பதிவேடுகளில் இருந்தது. நான் சொல்லும் காலத்தில் அந்தப் பதிவேடுகள் இன்னும் அலமாரியில் இருந்தன. அதனால்தான் இது சிரிக்கக்கூடிய கதையாக இருக்கிறது.

முதலாளி எந்தக் காரியத்தையும் நல்ல நேரம் பார்த்துத்தான் தொடங்குவார். புது லேத் மெஷின் வந்தாலும் சரி, புதுத் துடைப்பம் வந்தாலும் சரி. சர்வரில் இருப்பதையெல்லாம் தினமும் டேப்பில் நகலெடுக்கும் பேக்கப்பும் அப்படித்தான். சர்வர் பக்கத்தில் தொங்கும் நாட்காட்டியில் அன்றைய நல்ல நேரம் பார்த்து, அந்த ஒரு மணி நேரத்துக்குள் டேப்பைப் போட வேண்டும். அந்த நேரம் சர்வீஸ் பகுதியில் நான்கு பேரும் கணினியை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். யாராவது கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே இருந்தால் பேக்கப் நடக்காது. அரை மணி நேரம் போன் அடித்துக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு நாளைக்கு ஒரே ஒரு வாய்ப்புதான். தவறினால் மறுநாள்.

பையன் பிறந்து ஏழு மாதம் கழித்து நான் வேலைக்குத் திரும்பினேன். அதுவரை சாமியப்பன் அண்ணன்தான் பேக்கப் எடுத்துக்கொண்டிருந்தார். டீ குடித்து, பேப்பர் படித்து, நல்ல நேரம் முடியப் போகும்போது எழுந்து வந்து டேப்பைப் போடுவாராம். ஒரு நாள்கூடத் தவறியதில்லையாம். நான் வந்த முதல் நாள், நாட்காட்டியைப் பார்த்து, நல்ல நேரம் பிறந்த ஐந்தாவது நிமிடம் சரியாகத் தொடங்கினேன். பேக்கப் தோற்றது. கோப்பு உபயோகத்தில் இருக்கிறது என்று திரையில் வந்தது.

"அண்ணா, யாரோ இன்னும் உள்ள இருக்கறீங்க" என்றேன்.

"நானெல்லாம் வெளிய வந்து வெத்தலையே போட்டாச்சுங்க அம்மணி."

மறுநாளும் அதே. மூன்றாம் நாள் நால்வரையும் எழுந்து வராந்தாவில் வரிசையாக நிற்கச் சொன்னேன். நின்றார்கள். எண்ணிப் பார்த்தேன். நான்கு பேர். உள்ளே வந்து தொடங்கினேன். கோப்பு உபயோகத்தில் இருக்கிறது.

வெளியே ஓடி வந்து மறுபடி எண்ணினேன்.

"சித்தெ கையையும் தூக்கிக்கட்டுங்களா?" என்று கேட்டார் சாமியப்பன் அண்ணன். "அப்பறம் எங்க மேல சந்தேகம் வராது பாருங்க."

"நாலு பேரும் வெளிய இருக்கறீங்க. அப்ப உள்ள இருக்கறது யாருங்கண்ணா?"

"அதைய எங்கிட்டக் கேட்டா? நீங்க லீவுல இருந்தப்ப அங்க யாருமில்லீங்க. நீங்க வந்தப்பறம்தான் யாரோ வந்திருக்கறாங்க."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. முதலாளியிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு ஒரு எலுமிச்சம்பழத்தையும் நான்கு மிளகாயையும் கோத்துச் சர்வர் மேஜையில் கட்டச் சொன்னார். கட்டினோம். அதற்கு மறுநாள் பேக்கப் சரியாக நடந்தது. அதற்கடுத்த இரண்டு நாள் தோற்றது. எலுமிச்சம்பழம் காய்ந்துவிட்டதால் இருக்கும் என்றார்.

பையனைப் பகலில் எதிர்வீட்டு ராஜேஸ்வரி அக்கா பார்த்துக்கொண்டார். எங்கள் வீடு கம்பெனியிலிருந்து நான்கு தெரு தள்ளித்தான். அவன் நிறுத்தாமல் அழுதால் அக்கா கடை போனிலிருந்து கூப்பிடுவார். "ஒண்ணும் வெசனப்படாதீங்க கண்ணு, சும்மாதான் கூப்பிட்டேன்" என்று ஆரம்பிப்பார். பின்னாலேயே அவன் அலறுவது கேட்கும். நான் ஓடிப் போய்ப் பால் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு ஓடி வருவேன். அப்படிப் போகிற நாட்களில் நல்ல நேரம் முடியும் தறுவாயில்தான் பேக்கப்பைத் தொடங்க முடியும். சில நாள் நல்ல நேரம் தாண்டியும் போயிருக்கிறது.

வேலை நேரத்தில் வீட்டுக்கு ஓடுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. நல்ல நேரத்தைத் தவறவிட்டாள் என்றும் சொல்லிவிடக் கூடாது. அதனால் பேக்கப் நோட்டில் 'தொடங்கிய நேரம்' என்ற கட்டத்தில் தினமும் நல்ல நேரம் பிறந்த ஐந்தாவது நிமிடத்தையே எழுதினேன். அழகான கையெழுத்தில் எழுதினேன். பள்ளியில் அதற்குப் பரிசு வாங்கியிருக்கிறேன்.

இப்போது வாத்துக்கு வருகிறேன்.

காரணம் தேடும்போது நான் முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். என் வளையல், என் கைப்பை, நான் தும்மியது, எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். ஒரு நாள் கைப்பையில் கையை விட்டபோது பையனின் சிவப்பு பிளாஸ்டிக் வாத்து கிடைத்தது. அதன் அலகில் ஒரு காந்தம் உண்டு. குட்டி மீன் ஒன்றைக் காட்டினால் கவ்விக்கொள்ளும். காந்தம்! டேப்புக்கு ஆகாதது காந்தம் என்று பயிற்சி வகுப்பில் படித்ததுதானே? கைப்பையை நான் தினமும் டேப் பெட்டியின் மேல்தான் வைப்பேன். கம்பெனியின் கிணறுகளை எல்லாம் என் பிள்ளையின் வாத்து விழுங்கிக்கொண்டிருக்கிறது.

வாத்தை வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாள் பேக்கப் சரி. அதற்கு மறுநாளும் சரி. தொடர்ந்து நான்கு நாள் சரி. அந்த நான்கு நாளும் பையனுக்குப் பல் முளைக்கும் பேதி. நான் தினமும் வீட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். அதை அப்போது நான் பேக்கப்போடு சேர்த்து நினைக்கவில்லை.

ஐந்தாம் நாள் முதலாளி அறைக்குப் போய், "காரணம் தெரிஞ்சுபோச்சுங்கய்யா" என்றேன்.

"என்னுங்க அம்மணி?"

"வாத்துங்கய்யா."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். விளக்கினேன். காந்தத்தைப் பற்றி மோட்டார் கம்பெனி முதலாளிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உடனே புரிந்துகொண்டார். அந்த அறிவிப்பைத் தன் கையாலேயே எழுதிக் கதவில் ஒட்டினார். பொதுவாகப் 'பொம்மைகள்' என்று எழுதலாமே என்றேன். "வாத்துன்னு எழுதுனாத்தானுங்க மனசுல நிக்கும்" என்றார்.

அதோடு நிற்கவில்லை. "பேக்கப் சரியாயிருச்சுன்னா அந்தப் பழைய ரிஜிஸ்டர் எதுக்குங்க எடத்தை அடைச்சுட்டு? ஆயுத பூஜைக்குச் சுத்தம் பண்றப்ப, மொத நாள் எடைக்குப் போட்டரலாம். அந்த எடத்துல மோட்டாருக்குக் கம்பி சுத்த மேசை போடலாம்" என்றார்.

"சரிங்கய்யா" என்றேன். என் வாழ்க்கையில் நான் மிகவும் வருத்தப்பட்ட இரண்டு 'சரிங்கய்யா'க்களில் இது ஒன்று. இன்னொன்று இந்தக் கதைக்கு வேண்டாம்.

பையனுக்குப் பேதி நின்றது. அன்றே பேக்கப் தோற்றது.

இந்த முறை முதலாளியிடம் போகவில்லை. எப்படிப் போவது? கதவில் வாத்து இருக்கிறது. நோட்டில் 'தோல்வி' என்று எழுதினேன். ஆனால் முதலாளி அந்த நோட்டைக் கேட்பதை நிறுத்திவிட்டார். காரணம்தான் தெரிந்துவிட்டதே. ஆயுத பூஜைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. பதிவேடுகள் போய்விட்டால், அதன் பிறகு சர்வர் படுத்துவிட்டால், அன்னூர் முதல் பொள்ளாச்சி வரை எந்தக் கிணற்றைப் பற்றியும் நம்மிடம் ஒரு வரிகூட இருக்காது. டேப் இருக்கிறதே என்று எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். பாதி டேப்பில் ஒன்றும் இருக்காது.

அந்தப் பன்னிரண்டு நாளில் ஒன்றைக் கவனித்தேன். கவனித்ததைவிடப் பயந்தேன் என்பதே சரி. பையன் நன்றாக இருக்கும் நாளில் டேப் படுத்துவிடுகிறது. பையன் படுத்தினால் டேப் நன்றாக இருக்கிறது. இரண்டு பிள்ளைகளில் ஒன்றைத்தான் ஆண்டவன் எனக்கு நல்லபடியாக வைப்பான் போல. ஒரு நாள் காலையில் அவன் லேசாக இருமியபோது, இன்று பேக்கப் நடக்கும் என்று ஒரு நொடி மனம் நிம்மதியானது. அடுத்த நொடி என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுதேன். அவன் என் மூக்கைக் கடித்தான்.

அன்று மதியம் ஒரு தாளில் இரண்டு வரிசை எழுதினேன். ஒன்றில் அவன் அழுத நாட்கள். டாக்டர் சீட்டும் ராஜேஸ்வரி அக்காவின் ஞாபகமும் உதவின. இன்னொன்றில் பேக்கப் நடந்த நாட்கள். இரண்டும் ஒன்றுதான். அவன் அழுத நாட்களில் மட்டும் வேறென்ன நடக்கிறது? நான் வீட்டுக்குப் போகிறேன். தாமதமாக வருகிறேன். தாமதமாகத் தொடங்குகிறேன்.

நோட்டை எடுத்தேன். நடந்த நாளும் தோற்ற நாளும் ஒரே நேரத்தில்தான் தொடங்கியிருந்தன. நல்ல நேரம் பிறந்த ஐந்தாவது நிமிடம். பக்கம் பக்கமாக. அழகான கையெழுத்தில்.

கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மாதமாக விடை என் கண்ணெதிரே எழுதப்பட்டிருக்க வேண்டிய இடத்தில் நான் பொய்யை எழுதி வைத்திருந்தேன். யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. நடக்க வேண்டியதை எழுதினேன், நடந்ததை எழுதவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள், அதாவது ஆயுத பூஜைக்கு மூன்று நாள் முன்பு, நல்ல நேரத்துக்குச் சற்று முன்பே போய்ச் சர்வரைத் தொடாமல் அதன் எதிரில் உட்கார்ந்தேன். நான்கு பேரும் வராந்தாவில் இருந்தார்கள். நல்ல நேரம் பிறந்தது. சர்வரின் சிவப்பு விளக்கு தானாக மினுக்கத் தொடங்கியது. உள்ளே வட்டு கரகரவென்று ஓடுகிறது. நான் ஒன்றையும் அழுத்தவில்லை. சாமியப்பன் அண்ணன் சொன்னது சரிதான், உள்ளே யாரோ இருக்கிறார்கள். மினுக்கல் நின்றபோது மணி பார்த்தேன். முக்கால் மணி நேரம்.

நான் விடுப்பில் இருந்தபோது யாரோ ஒருவர் கொடுத்த ஃபிளாப்பியில் வைரஸ் வந்து, திரையில் எழுத்துகள் எல்லாம் மழை மாதிரி கீழே கொட்டியதாகச் சொல்லியிருந்தார்கள். அதன் பிறகு முதலாளி ஆன்டிவைரஸ் வாங்கிப் போட்டிருந்தார். அவர் அதைக் கிருமி மருந்து என்பார். ஃபிளாப்பியைப் போட்டால் மட்டும் அது பார்க்கும் என்று நினைத்திருந்தேன். அதைப் போட்டுத் தந்தவர் உக்கடத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சலீம். என்னைவிட இரண்டு வயது இளையவர். போன் செய்தேன்.

"தம்பி, அந்த ஆன்டிவைரஸ் தானா ஓடுதா?"

"ஆமாங்கக்கா. தினம் ஒருக்கா மொத்த டிஸ்கையும் பாத்துரும். ஒவ்வொரு ஃபைலாத் தொறந்து பாக்கும்."

"எத்தனை மணிக்கு?"

"நல்ல நேரத்துலதானுங்க."

சர்வர் பக்கத்தில் தொங்கிய நாட்காட்டியைத் திரும்பிப் பார்த்தேன்.

"நமக்கு அந்தப் பழக்கமில்லீங்கக்கா. முதலாளிதான் கிருமி மருந்தும் நல்ல நேரத்துலதான் ஆரம்பிக்கோணும்னு காலண்டரையே கையில குடுத்தாரு. திங்கள்ல இருந்து ஞாயிறு வரைக்கும் ஒவ்வொரு கிழமைக்கும் பாத்துப் பாத்து டைம் போட்டேனுங்க. எங்க அத்தா பாத்துட்டு, ஏன்டா நீ எப்படா ஜோசியனானேன்னு சிரிக்கறாரு. ஏனுங்க, நேரம் எதுவும் தப்பாப் போச்சுங்களா?"

"இல்லீங்க தம்பி. ரொம்பச் சரியாப் போட்டிருக்கறீங்க."

நான் ஒழுங்காக நடந்துகொண்ட நாட்களில் எல்லாம், சலீமும் ஒழுங்காக நடந்துகொண்டதால், பேக்கப்பும் கிருமி மருந்தும் ஒரே கோப்பைப் பிடித்து இழுத்திருக்கின்றன. நான் தாமதமான நாட்களில் கிருமி மருந்து தன் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கிறது.

"அதைய எடுத்துப்போடட்டுங்களாக்கா? ரெண்டே நிமிசம்" என்றார் சலீம்.

உங்களுக்கும் யாராவது இப்படிச் சொல்வார்கள். அன்று எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் வாத்தையும் நான் இப்படித்தான் வீட்டுக்கு அனுப்பினேன். தவிர, எழுத்து மழை பெய்தது அந்த மருந்து இல்லாதபோதுதான். "வேண்டாங்க தம்பி, இதுதான் காரணம்னு இன்னும் நிச்சயமாத் தெரியாது. நாளைக்கு ஒரு நாள் வெளக்கு நின்னதுக்கப்பறம் தொடங்கிப் பாக்கறேன்" என்றேன்.

மறுநாள் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. இன்னும் இருபது நிமிடம் போக வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். வெளியே தொம் தொம் என்று சத்தம் கேட்டது. ஜன்னல் வழியே பார்த்தேன். பழைய பேப்பர்க்காரரின் மூன்று சக்கர வண்டி. பதிவேடுகள் பாதிக்கு மேல் ஏறியிருந்தன.

ஓடினேன். செருப்புப் போடவில்லை.

"அண்ணா, நாளைக்குத்தான ஏத்தறதுன்னு சொன்னாங்க?"

"நாளைக்கு அஷ்டமியாமுங்க" என்றார் சாமியப்பன் அண்ணன். "இன்னைக்கே நல்ல நேரத்துல ஏத்திப்போடச் சொல்லிட்டாரு."

அதே நல்ல நேரம்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. என்ன செய்வதென்று யோசிக்கவில்லை. வண்டியில் கடைசியாக ஏற்றிய கட்டின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

பேப்பர்க்காரர் தராசோடு நின்றார். "ஏனுங்க, நீங்களும் எடைக்குங்களா?"

சத்தம் கேட்டு முதலாளி வெளியே வந்தார். சாமியப்பன் அண்ணனும் மற்ற மூவரும் வராந்தாவில் வரிசையாக நின்று பார்த்தார்கள். இந்த முறை யாரும் சொல்லாமலே நின்றார்கள்.

"எறங்குங்க அம்மணி. என்ன ஆச்சு?"

"வாத்து இல்லீங்கய்யா."

"என்ன?"

"பேக்கப் இன்னும் சரியாகலீங்கய்யா. பாதி நாள் தோத்துட்டுதான் இருக்குது. நான் சொல்லலீங்க."

அவர் நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். புரட்டினார். "தோல்வின்னு எழுதித்தான் வெச்சிருக்கறீங்க. நாந்தான் பாக்கலை. சரி. நேரமெல்லாம் கரெக்டாத்தானே ஆரம்பிச்சிருக்கறீங்க? அப்பறம் ஏன் தோக்குது?"

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். ஆன்டிவைரஸ் என்று மட்டும் சொன்னால் போதும், பழி சலீம் மேல் போய்விடும். ஆனால் அந்த நோட்டை நம்பினால் நான் கண்டுபிடித்தது பொய்யாகிவிடும். என்னை நம்ப வேண்டுமென்றால் நோட்டு பொய் என்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

"அது காலண்டர்ல இருக்கற நேரமுங்கய்யா. நான் ஆரம்பிச்ச நேரமில்லீங்க. பையன் அழுதா ஊட்டுக்குப் போயிருவேனுங்க. வந்துதான் போடுவேன். அந்த நாள்ல மட்டுந்தான் நடந்திருக்குது."

அவர் கடைசிப் பக்கத்தை இன்னொரு முறை பார்த்தார். நோட்டை மூடினார். நாளையிலிருந்து வீட்டில் உட்கார்ந்து பையனைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று மனம் கணக்குப் போட்டுவிட்டது.

"உள்ள வாங்க. இப்பப் போட்டுப் பாக்கலாம்" என்றார்.

போனோம். விளக்கு நின்றிருந்தது. டேப்பைப் போட்டேன். முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் பின்னால் சாமியப்பன் அண்ணன். அவருக்கும் பின்னால், தராசை வெளியே வைத்துவிட்டு, பேப்பர்க்காரர். அரை மணி நேரம் டேப் சுற்றுவதை நால்வரும் பார்த்தோம். பேக்கப் முடிந்தது என்று திரையில் வந்தது.

"அப்ப ஏத்தலாமுங்களா?" என்றார் பேப்பர்க்காரர்.

முதலாளி என்னைப் பார்த்தார்.

"வேண்டாங்கய்யா" என்றேன். "வாத்து விசயத்துலயும் நாலு நாள் சரியா வந்துச்சுங்க."

யாரோ பின்னால் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. பேப்பர்க்காரரைப் பார்த்து, "எறக்கிருங்க. அடுத்த வருசம் வாங்க" என்றார்.

"அடுத்த வருசமா! ஏத்துன முதுகு எதுங்க, எறக்கற முதுகு எதுங்க? ஒரு டீயாச்சும் சொல்லுங்க சாமி!"

டீ வந்தது. ஆனால் உண்மையான சிக்கல் அதன் பிறகுதான். இரண்டில் ஒன்றை வேறு நேரத்துக்கு மாற்றியாக வேண்டும். பேக்கப்பை நல்ல நேரத்திலிருந்து எடுக்க முதலாளி சம்மதிக்கவில்லை. கிருமி மருந்தையும் எடுக்கச் சம்மதிக்கவில்லை. நல்ல நேரத்தின் முன்பாதி, பின்பாதி என்று பிரிக்கலாம் என்றேன். உங்கள் பையன் எந்தப் பாதியில் அழுவான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். நியாயம்தான்.

நான் நாட்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலேயே ராகு காலமும் போட்டிருந்தது. பயந்துகொண்டேதான் சொன்னேன்.

"ஐயா, துர்க்கைக்கு எலுமிச்சம்பழ வெளக்கு ராகு காலத்துலதானுங்க போடறோம்?"

"ஆமாங்க. எங்க ஊட்டுலயும் செவ்வாய்க்கெழமை போடுவாங்க."

"அரக்கனை அழிக்கறவளுக்கு அதுதானுங்க நேரம். இதுவும் கிருமியை அழிக்கற வேலைதானுங்களே?"

முதலாளி நாட்காட்டியைக் கொக்கியிலிருந்து எடுத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். வெகுநேரம் புரட்டினார். "ராகு காலமும் நல்ல நேரமும் என்னைக்குமே ஒண்ணா வராதுங்களே" என்றார்.

"வராதுங்கய்யா. அதுக்குத்தானுங்க."

அன்று மாலை சலீம் வந்து ஏழு கிழமைக்கும் ராகு காலத்தைப் போட்டுத் தந்தார். "எங்க அத்தா கிட்ட இதையும் சொல்லோணும்" என்றார். திங்கட்கிழமை காலை ராகு காலத்துக்காக வாட்ச்மேன் அன்று மட்டும் சீக்கிரம் சர்வரைப் போட்டுவிடுகிறார். இன்றைக்கும் நம் சர்வர் ராகு காலத்தில்தான் கிருமி தேடுகிறது. மாற்ற நினைத்தால் முதலில் காரணத்தைத் தெரிந்துகொண்டு மாற்றுங்கள்.

அடுத்த ஒரு மாதம் ஒரு நாளும் தவறவில்லை. அப்படியும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. சாமியப்பன் அண்ணனின் பழைய கணினியில் டேப்பிலிருந்து விவரங்களை இறக்கி, பதிவேட்டோடு ஒவ்வொரு கிணறாக ஒப்பிட்டோம். அவர் பதிவேட்டைப் படிக்க, நான் திரையைப் பார்த்தேன். அன்னூர்ப் பக்கத்துக் கிணறு ஒன்றில் மட்டும் ஆழம் மாறியிருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. விசாரித்ததில், அவர்கள் கிணற்றைத் தோண்டி ஆழப்படுத்தியிருந்தார்கள். பதிவேடுதான் பழசு. அடுத்த ஆயுத பூஜைக்குப் பேப்பர்க்காரர் வந்தபோது, முதலில் நான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை நிறுத்தினார்.

வாத்து அறிவிப்பை எடுத்துவிடலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். இருக்கட்டும் என்றார். அதனால் இருக்கிறது. நீங்களும் எடுக்க வேண்டாம்.

நீங்கள் நிரப்பப் போகும் பேக்கப் நோட்டில் இரண்டு நேரக் கட்டங்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று நல்ல நேரம். மற்றது உண்மையில் தொடங்கிய நேரம். பக்கத்தில் காரணம் எழுத ஒரு கட்டம். அந்த மூன்றையும் கோடு போட்டுத் தந்தவர் முதலாளி. வண்டியில் உட்கார்ந்ததற்கு மறுநாள் காலை நோட்டு என் மேஜையில் இருந்தது, புதுக் கோடுகளோடு. வேறு ஒரு வார்த்தையும் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு வேலை இருக்கிறது என்று தெரிந்தது.

பூஜை விடுமுறை முடிந்து வந்த முதல் நாளே ராஜேஸ்வரி அக்காவின் போன் வந்தது. ஓடிப் போய்விட்டு வந்து, முதல் முறையாக உண்மையை எழுதினேன். நல்ல நேரம் தாண்டிப் பத்து நிமிடம். காரணம்: பையனுக்குக் காய்ச்சல்.

மாலையில் நோட்டு முதலாளி அறைக்குப் போய்த் திரும்பியது. என் வரிக்குக் கீழே பச்சை மையில் ஒரு கேள்வி இருந்தது. 'இப்போது எப்படி இருக்கிறது?'

நான் இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, என் அழகான கையெழுத்தில் பதில் எழுதி அனுப்பினேன். 'டேப் நன்றாக இருக்கிறது ஐயா. முழுதாகப் பதிந்திருக்கிறது.'

ஐந்து நிமிடத்தில் அவரே எழுந்து வந்து கதவருகில் நின்றார். கையில் நோட்டு.

"டேப்பை யாருங்க அம்மணி கேட்டா?" என்றார். "ஊட்டுக்குக் கெளம்புங்க."